காக்காவின் கையெழுத்தில் 37 கசெட்டுகள்

அன்புள்ள காக்காவுக்கு,

போன மாதம் மருதமுனையில் உங்கள் மகனைக் கண்டேன். வாப்பா இப்போது பாட்டே கேட்பதில்லை என்றார். "எல்லாம் கடலோட போயிட்டுது, இனி எதைக் கேக்க" என்று சொல்கிறீர்களாம். களுவாஞ்சிக்குடிக்கு பஸ்ஸில் திரும்பி வரும்வரை அந்தச் சொல்தான் மனதில் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலிருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். எல்லாம் போகவில்லை, காக்கா. என்னிடம் 37 கசெட் இருக்கிறது. 37இலும் உங்கள் கையெழுத்து.

இதை உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை உங்கள் ரெக்கோடிங் பாரில், அந்தக் கசெட் பதியும் கடையில், பாட்டுப் பதிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் இதைப் படித்துத் தங்கள் பெட்டிகளைத் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.)

நான் முதன்முதல் உங்கள் கடைக்கு வந்தது 1987இல். கையில் ஒரு டீடிகே 60 நிமிட வெற்றுக் கசெட். "நல்ல பாட்டாப் பார்த்துப் போட்டுத் தாங்க" என்றேன். "எது தம்பி நல்ல பாட்டு?" என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் வரவில்லை. வாங்கில் இருத்தி, பிளேன்டீ எடுப்பித்து, ஒரு மணித்தியாலம் பாட்டுப் போட்டுக் காட்டினீர்கள். நான் முகத்தைத் திருப்பிய பாட்டையும், காலால் தாளம் போட்ட பாட்டையும் ஒரு கடதாசியில் குறித்துக்கொண்டீர்கள். அப்புறம்தான் பட்டியல் போட்டீர்கள். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறு பாட்டு, மிஞ்சிப்போனால் ஏழு. ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் கூட்டிப் பார்ப்பீர்கள், கடைசிப் பாட்டு நடுவில் அறுந்துவிடக் கூடாது என்று. ஒன்றரை நிமிடம் மீதி வந்தால் அதற்கென்று ஒரு சிறிய வாத்திய இசை வைத்திருப்பீர்கள்.

கசெட்டிலிருந்து கசெட்டுக்குப் பதிய உங்களுக்கு மனம் வராது. கொப்பிக்குக் கொப்பி இரைச்சல் ஏறும், மேல் சுரங்கள் மங்கிப்போகும் என்பீர்கள். அதற்காகவே இசைத்தட்டுகளைத் தேடி வாங்கினீர்கள். கசெட் மட்டையில் படத்தின் பெயர், பாடியவர், இசை, கடைசியாகப் பாட்டை எழுதியவர். இலங்கை வானொலியில் எல்லாப் பெயரையும் சொல்லித்தானே பாட்டுப் போடுவார்கள், அந்தப் பழக்கம் உங்களுக்கு. "எழுதினவன்ட பேர் இல்லாட்டி அது தாய் தகப்பன் இல்லாத பிள்ளை தம்பி" என்று ஒருநாள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை எனக்குக் கேட்கத் தந்ததும் நீங்கள்தான். அதில் எனக்குப் பிடித்த இரண்டை மட்டும் வேறு கசெட்டில் பதிந்து தரச் சொன்னேன். மறுத்துவிட்டீர்கள். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) ஒருவர் சேர்த்து வைத்த காணிக்கை இது, பத்தையும் வரிசையாகக் கேட்டால்தான் விளங்கும் என்றீர்கள். இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்கு அன்று தொடங்கிய பிரியம் இன்றுவரை குறையவில்லை. இன்றைக்கும் யாராவது எனக்குப் பிடித்த தொகுப்பைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன். இரண்டாவதாக 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்'. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

பாடகர்கள் விசயத்தில் மட்டும் நாம் ஒத்துப்போகவில்லை. உங்களுக்கு டி.எம். சௌந்தரராஜன். எனக்கு மலேசியா வாசுதேவன். அவர் குரலில் வயல் வேலை முடித்து வந்தவனின் களைப்பும் இருக்கும், கலியாண வீட்டுக் குதூகலமும் இருக்கும். அவருக்குக் கிடைக்க வேண்டிய புகழில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஜென்சியில் மட்டும் இருவரும் ஒன்று. கொஞ்சக் காலம் பாடிவிட்டுப் போன பிள்ளை என்று நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள்.

என் காது எங்கே பழகியது என்றும் ஒருநாள் கேட்டீர்கள். வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில் என்றேன். உடுக்குச் சத்தத்தோடு சேர்ந்து வரும் அந்தப் பாட்டில் சிறுவயதில் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கும். நீங்கள் உடனே நோன்புக் காலத்தில் சஹருக்கு எழுப்ப றபான் மேளம் அடித்துப் பாடிவரும் பக்கீர் பாவாமாரைப் பற்றிச் சொன்னீர்கள். கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றக் காலத்தில் நாகூர் ஹனிபாவின் குரலை ஊரே கேட்கப் போடுவதையும் சொன்னீர்கள். அந்தக் குரலை மூன்றாவது கசெட்டின் இரண்டாம் பக்கத்தில் எனக்காகப் பதிந்தும் தந்தீர்கள்.

1990 வைகாசியில் ஒரு 60 நிமிடக் கசெட்டும் பட்டியலும் தந்துவிட்டுப் போனேன். அடுத்த மாதம் சண்டை தொடங்கியது. அப்புறம் நடந்தவை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் ஊர்ப் பக்கம் நான் வரவில்லை. எங்கள் பக்கம் நீங்கள் வரவில்லை. இரண்டு பக்கத்திலும் ஆட்களைப் பறிகொடுத்தோம். நாலு வருடம் கழித்து, பயந்து பயந்துதான் கடை வாசலில் வந்து நின்றேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. லாச்சியை இழுத்து அந்தக் கசெட்டை எடுத்து வைத்தீர்கள். பதிந்து, மட்டை எழுதி, அழிபடாமல் இருக்கப் பின்காதையும் முறித்து வைத்திருந்தீர்கள். காசு வாங்கவில்லை. அன்றைக்கு நான் அழுததை நீங்கள் கண்டும் காணாததுபோல் இருந்தீர்கள்.

இன்னொன்று. 2003இல் கல்முனையில் நாம் சேர்ந்து போன இசைக்குழு நிகழ்ச்சி நினைவிருக்கிறதா? மழை தூறியது, பாதிச் சனம் எழும்பிப் போய்விட்டது. கீபோட்டில் எல்லாவற்றையும் சமாளித்த குழு அது. ஆனால் குழலுக்கு மட்டும் ஒரு வயதான மனிதரை வைத்திருந்தார்கள். ஒரு பாட்டின் இரண்டாம் இடையிசையில் அவர் மூச்சை விட்டு, பிடித்து, மறுபடி விட்டபோது நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவருடைய இரண்டு கையையும் பற்றிக்கொண்டு நின்றீர்கள். பெரிய பாடகர்களின் நிகழ்ச்சிகளை அதன் பிறகு பார்த்திருக்கிறேன். எனக்கு மேடை என்றால் அந்த இரவுதான்.

அடுத்த வருடம் மார்கழி 26, சுனாமி. கடற்கரைப் பக்கம் இருந்த உங்கள் வீடும் இசைத்தட்டுகளும் போயின. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று அறிந்ததே எங்களுக்குப் பெரிது. தட்டுகளைப் பற்றிக் கேட்க அன்று யாருக்கும் வாய் வரவில்லை.

இப்போது அந்த 37ஐயும் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி வருகிறேன். ஒரு 60 நிமிடக் கசெட்டுக்கு முழுதாக ஒரு மணித்தியாலம் வேண்டும், ஓட்டி விட முடியாது. இதுவரை ஒன்பது முடிந்தது. இரண்டில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அவற்றைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யப் பார்க்கிறேன். சரி, மிச்சத்தை நாம் சேர்ந்து செய்வோம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மூன்று மணிபோல வீட்டுக்கு வருகிறேன். பிளேயரையும் கொண்டு வருகிறேன்.

முதலில் அந்த 1990 கசெட்டைப் போட வேண்டும். மட்டையில் ஈரம் பட்டு இரண்டாம் பக்கக் கடைசி வரி கரைந்துவிட்டது. பாட்டு நன்றாகக் கேட்கிறது, படமும் தெரியும், பாடியவரும் தெரியும். எழுதியவர் யார் என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். அதே நீலப் பேனை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
களுவாஞ்சிக்குடித் தம்பி