முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கு வெளிநாடு போகிறவர் மாணவராகவே போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமூகநலம் படிக்கும் மாணவர்கள் வெளிநாட்டு முதியோர் இல்லங்களுக்குப் பயிற்சிக்குப் போவதைப் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. விமானச் செலவு, தங்குமிடம், மாத உதவித்தொகை, பிற்பாடு அங்கேயே வேலை கிடைக்கும் வாய்ப்பு எல்லாம் விவரமாக இருந்தன. அங்கே போய் அந்த மாணவர் என்ன கற்றுக்கொள்வார், யார் கற்றுக்கொடுப்பார் என்பது மட்டும் இல்லை. அப்படி ஒரு பயிற்சியை முடித்துவிட்டு வந்தவள் நான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2030-இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் அறுபது வயதோ அதற்கு மேலோ இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பராமரிக்க ஆள் போதவில்லை என்பது பல நாடுகளில் இப்போதே தெரிந்த கதை. அதனால் ஒரு பயிற்சி மாணவி வந்து இறங்கினால் இல்லத்தில் இருப்பவர்களுக்கு நிம்மதி, அது இயல்பு, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் காலையில் ஒரு ஊழியர் உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னதும் ஷிப்ட் பட்டியலில் அந்த இடத்தில் மாணவியின் பெயர் ஏறிவிடுகிறது பாருங்கள், அந்த நிமிடத்தில் பயிற்சி நின்றுபோய் சம்பளமில்லாத வேலை தொடங்கிவிடுகிறது. எனக்கும் இது நடந்தது. அன்று உட்கார வேண்டிய குடும்பக் கலந்தாய்வில் நான் இல்லை, மேற்பார்வையாளரோடு பேச வைத்திருந்த நேரமும் போனது, அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

இதைச் சொல்வதால் உடல் பராமரிப்பு வேலை நமக்கு வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிப்பாட்டுவது, டயாபர் மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நர்ஸிங் படித்தவர்கள் பாடு, நாங்கள் சமூகப்பணி என்று ஒதுங்கி நிற்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. நடுங்கும் விரல்களால் ஒருவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டு முடிக்கும்வரை பொறுமையாக நிற்பதா, நேரமில்லை என்று நாமே போட்டுவிடுவதா? தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை என்று வகுப்பில் பேசியதெல்லாம் அந்த இடத்தில்தான் நம்மைச் சோதிக்கிறது. 1991-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட முதியோருக்கான கொள்கைகளில் சுதந்திரமும் கண்ணியமும் பங்கேற்பும் தனித்தனித் தலைப்புகளாக இருக்கின்றன. குளியலறைக் கதவைச் சாத்தினோமா, துண்டைப் போர்த்தினோமா, அவர் பக்கத்தில் இருக்கும்போதே அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசினோமா என்பதில் அவை காப்பாற்றப்படுகின்றன, அல்லது போகின்றன. அதைக் கையால் செய்து பார்க்காதவர் நாளைக்கு ஒரு இல்லத்தை ஆய்வு செய்யப் போனால் எதைப் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது.

ஆனால் சொல்லிக்கொடுத்துவிட்டுச் செய்யச் சொல்ல வேண்டும். படுக்கையிலிருந்து வீல்சேருக்கு ஒருவரை மாற்றத் தூக்கும் முறை இருக்கிறது, தூக்கு இயந்திரத்தை இருவர் சேர்ந்து இயக்குவதுதான் பொதுவான வழக்கம். விழுங்கச் சிரமப்படுகிறவரை நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்டவுடன் படுக்கவைக்கக் கூடாது, இல்லையென்றால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் பாதிக்கும். எழுந்திருக்க முடியாதவரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். இதையெல்லாம் முறையாகக் கற்காத ஒரு மாணவியைத் தனியாக ஒரு அறைக்குள் அனுப்புவது மாணவிக்கும் ஆபத்து, அந்த முதியவருக்கு அதைவிட ஆபத்து.

சரி, உடல் பராமரிப்பைத் தாண்டி ஒரு சமூகப்பணி மாணவிக்கு அங்கே என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் கடல் தாண்டிப் போகிறோம். ஒருவரை இல்லத்தில் சேர்க்கும் நாளில் வீட்டாரோடு நடக்கும் பேச்சு, பராமரிப்புத் திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்க்கும் கூட்டம், பணம் யார் கையில் என்று பிள்ளைகளுக்குள் வரும் சண்டை, ஊழியர் மீது ஒரு முதியவர் கொடுக்கும் புகார். அமெரிக்காவில் 120 படுக்கைகளுக்கு மேல் உள்ள நர்ஸிங் ஹோம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஒரு முழுநேரச் சமூகப்பணியாளரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அங்கே போகிறவர் அவர் பக்கத்தில் உட்காராமல் திரும்பி வந்தால் போனதற்கு என்ன அர்த்தம்?

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2005-இல் வந்த மனத்திறன் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிரூபிக்கும்வரை திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும், புத்திசாலித்தனமில்லாத முடிவு எடுக்கிறார் என்பதற்காகவே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்கிறது அது. விழுந்துவிடுவார் என்று மகள் பயப்படுகிறாள், எனக்குத் தோட்டத்தில் நடக்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார். இதில் யார் சொல்வது நடக்கும், எப்படி நடக்கும், கைத்தடியா, துணைக்கு ஆளா, கொஞ்ச தூரம் மட்டுமா? இப்படி ஒரு பேச்சை ஒரு முறை நேரில் கேட்டால் போதும், பாதுகாப்பு என்ற பெயரில் முதியவர்களின் வாழ்க்கையை எவ்வளவு சுருக்கிவிடுகிறோம் என்று புரியும். கட்டிவைப்பதும் அப்படித்தான் நியாயப்படுத்தப்படுகிறது. நர்ஸிங் ஹோம்களில் ஒழுங்குக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ யாரையும் கட்டிவைக்கக் கூடாது என்று அமெரிக்கா 1987-இல் சட்டமே போட வேண்டியிருந்தது. நாற்காலியிலிருந்து எழ முடியாதபடி முன்னால் மாட்டிய பலகை, தேவையில்லாமல் உயர்த்தி வைத்த கட்டில் தடுப்பு, அமைதியாக இருக்கட்டும் என்று கொடுக்கும் தூக்க மருந்து, இவையும் கட்டிவைப்பதுதான் என்று மாணவிக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் 1995-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது, 2017 முதல் தேவையை ஐந்து படிகளாகப் பிரித்து அதன்படி உதவி கொடுக்கிறார்கள். ஜப்பானில் 2000-இல் வந்தது, நாற்பது வயதிலிருந்தே எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள், தேவையை மதிப்பிட்ட பிறகு பராமரிப்பு மேலாளர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுக்கிறார். தென் கொரியா 2008-இல் தொடங்கியது. ஒரு ஊழியர் ஒரு அறையில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. அது தெரியாத மாணவி அவசரமாக ஓடும் ஊழியரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடுவாள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அனுப்புகிறவர்கள் ஒரு தேர்வுச் சான்றிதழ் இருந்தால் போதும் என்கிறார்கள். எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள் பேசுவது அந்தத் தேர்வில் வரும் மொழி இல்லை, வட்டார வழக்கு, பல் இல்லாத உச்சரிப்பு, பாதியில் நிற்கும் வாக்கியம். மறதி நோய் வந்தவர்களில் பலர் பிற்காலத்தில் கற்ற மொழியை இழந்து சிறுவயது மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள், வேறொரு நாட்டிலிருந்து குடியேறி வந்த ஒரு முதியவரோடு இல்லத்தில் யாருமே பேச முடியாமல் போவதும் உண்டு. முதியவர்கள் பழைய கதையையே திரும்பத் திரும்பச் சொல்வதை மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று ஒதுக்காமல், வாழ்ந்ததை எடுத்துப் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் முயற்சி என்று 1963-இல் எழுதினார் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். அந்தக் கணக்கைக் கேட்க ஆள் வேண்டும். மொழி தெரியாத மாணவியால் அங்கே சிரிக்க முடியும், கையைப் பிடித்துக்கொள்ள முடியும், அதற்கும் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் வலி என்கிறாரா, பயம் என்கிறாரா, யாரோ அடித்ததாகச் சொல்கிறாரா என்று புரியாமல் தலையாட்டிவிட்டு வருவது சமூகப்பணி ஆகாது. ஆகவே புறப்படுவதற்கு முன்பே, இல்லத்தில் புழங்கும் பேச்சை, உடல் உறுப்புகள், வலி, கழிவறை, தூக்கம், கோபம் பற்றிய சொற்களை, முடிந்தால் அந்த ஊர் முதியவர் ஒருவரோடு பேசிப் பழகிக் கற்றுக்கொண்டு போக வேண்டும்.

மேற்பார்வையைப் பற்றிக் கல்லூரிகளிடம் நேரடியாகவே கேட்கிறேன். களப்பணி நம் படிப்பின் உயிர் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள். வகுப்புக்குப் பக்கத்தில் நடக்கும் களப்பணிக்கு வாரா வாரம் அறிக்கை எழுதச் சொல்லி, தனியாக உட்காரவைத்துப் பேசி, ஒவ்வொரு வரியையும் திருத்துகிறீர்கள். நாடு விட்டு நாடு போனதும் எப்போதாவது ஒரு போன், எல்லாம் நல்லா போகுதா என்று ஒரு கேள்வி, அதோடு சரி. நேற்று வரை தன் கையால் தலைவாரிவிட்ட ஒருவர் இன்று காலை இறந்து கிடப்பதை முதன்முதலில் பார்க்கும் ஒரு இருபத்தி இரண்டு வயதுப் பிள்ளை அதை யாரிடம் சொல்வாள்? அறையைச் சுத்தம் செய்து அடுத்தவரைக் கொண்டுவரும் வேகத்தைப் பார்த்து அவளுக்கு வரும் கோபத்தை யாரிடம் கொட்டுவாள்? அந்தக் கோபத்தையும் துக்கத்தையும் ஒருவர் உடனிருந்து பேசவைத்தால் அது படிப்பாகும், பேச ஆளில்லாமல் போனால் இந்தத் துறையே வேண்டாம் என்று விலகிவிடுவாள், அப்படி விலகினவர்களை எனக்குத் தெரியும்.

நெதர்லாந்தில் டெவெண்டர் நகரில் ஒரு முதியோர் இல்லம், மாணவர்களை வாடகை வாங்காமல் தங்கவைக்கிறது. பதிலுக்கு அவர்கள் மாதம் 30 மணி நேரம் நல்ல பக்கத்து வீட்டுக்காரர்களாக முதியவர்களோடு இருக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்தது அந்த வரம்பு. எத்தனை மணி நேரம் என்பது முன்பே தெரியும், என்ன வேலை என்பதும் தெரியும், ஊழியரின் இடத்தை அவர்கள் நிரப்ப வேண்டியதில்லை. நம் மாணவர்களின் ஒப்பந்தத்திலும் இந்தத் தெளிவு எழுத்தில் இருக்கட்டும்: உடல் பராமரிப்பில் எத்தனை மணி நேரம், சமூகப்பணியாளரோடு எத்தனை மணி நேரம், இரவு ஷிப்ட் உண்டா, வாரத்தில் எந்த நாளில் மேற்பார்வைச் சந்திப்பு.

ஏஜென்ட் வழியாகப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய்விட்டால் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாகவே சொல்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகவும் அதே அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று சொன்னாலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

புகைப்படம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதியவர்களைக் கட்டிப்பிடித்து நின்று படம் எடுத்துப் போடும் மாணவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த முதியவர் சம்மதித்தாரா, சம்மதிக்கும் நிலையில் இருந்தாரா? டயாபரோடும் கலைந்த தலையோடும் தன் படம் உலகம் முழுக்கப் போவதை நாற்பது வயதில் அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா? தயவுசெய்து போடாதீர்கள்.

கடைசியாக, கிளம்பி வருவது. இல்லத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே வீட்டையும் துணையையும் நண்பர்களையும் இழந்தவர்கள். வெளிநாட்டு மாணவி ஒருத்தி வருகிறாள், தினமும் பக்கத்தில் உட்காருகிறாள், அப்புறம் ஒருநாள் காணோம். இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. நான் எப்போது கிளம்புவேன் என்று முதல் வாரமே சொல்லிவிட வேண்டும், மறதி உள்ளவரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், திரும்பி வருவேன் என்று பொய் சொல்லவே கூடாது. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் அவருக்கு வலி குறைகிறது, எந்தப் பேச்சு எடுத்தால் கலங்குகிறார், எந்த நேரத்தில் தனியாக விட வேண்டும் என்று நமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி, பராமரிப்புத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அடுத்து வரும் ஊழியரோடு ஒரு சில நாளாவது சேர்ந்து அந்த அறைக்குப் போய்வர வேண்டும். இதற்கு ஒரு வாரமாவது ஆகும். பயிற்சித் திட்டம் போடும்போதே கல்லூரிகள் அந்த வாரத்தை ஒதுக்கி வைக்கட்டும்.

இப்படிக்கு,
முதுநிலை சமூகப்பணி மாணவி