கொட்டர் பின்னுக்குச் சுத்தியல் வேண்டாம், பிள்ளை

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். நீ அனுப்பின படங்களைப் பெருப்பித்துப் பார்த்தேன். றலி சைக்கிள் நல்லதுதான். சட்டத்தில் கறள் மேலோட்டம். கிராங்கை, அதாவது பெடல் தண்டை, அச்சோடு பிடித்திருக்கிற கொட்டர் பின் என்கிற ஆப்புதான் அசையாமல் நிற்கிறது. அதைச் சுத்தியலால் அடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். அடிக்காதே. அடித்தால் பின்னின் மரை நசிந்து பூப்போல விரியும். பிறகு அது துளைக்குள்ளால் வரவே வராது. அதோடு ஒவ்வொரு அடியும் அச்சு வழியாகப் போல்ஸுக்கு, அதாவது அச்சைச் சுற்றியிருக்கிற இரும்புக் குண்டுகளுக்குப் போய், அவை உருளுகிற கோப்பையில் பள்ளம் விழுத்தும். ஜி கிளாம்பாலும் நெரிக்காதே. அந்தக் கிளாம்பின் வார்ப்பிரும்பு வளையாது, சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து தெறிக்கும்.

இதற்கென்று, திருகாணியால் பின்னை மெதுவாகத் தள்ளுகிற ஓர் அமுக்கி செய். உன் நிலவறையில் வைஸும் நிற்கிற ட்ரில்லும் இருக்கும்போது ஒரு சனி ஞாயிறு வேலைதான்.

25 மி.மீ. தடிப்புள்ள மைல்ட் ஸ்ரீல் கட்டை ஒன்று, 100க்கு 72 மி.மீ. அளவில் வாங்கு. அதை ‘ப’வைச் சரித்து வைத்தமாதிரி வெட்ட வேண்டும்: மேல்தாடை 25, நடு வாய் 50, கீழ்த்தாடை 25. வாயின் ஆழம் 32. முதுகுக்கு 40 மிஞ்சும். முதுகில் கஞ்சத்தனம் பார்க்காதே, விரிகிற விசை முழுவதும் அங்கேதான் விழும். வெட்ட முதல் வாயின் உள்மூலை இரண்டிலும் 10 மி.மீ. துளை போடு. கூர்மூலை விட்டால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். இரண்டு பக்கமும் இரும்பு வாளால் அந்தத் துளை வரைக்கும் அறு; அலகு அங்குலத்துக்கு 18 பல்லாக இருக்கட்டும். வாயின் அடியில் 6 மி.மீ. துளைகளை நெருக்கமாக வரிசையாகப் போட்டு, துண்டைத் தட்டி எடுத்து, அரத்தால் சமப்படுத்து.

கவனமாகச் செய்ய வேண்டிய இடம் அந்தத் திருகாணிக்கான துளை. மேல்தாடையில், முதுகின் உட்பக்கத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி, தடிப்பின் சரிநடுவில் பஞ்ச் குத்து. 4, 8, பிறகு 10.2 என்று படிப்படியாகப் பெருப்பி. மேல்தாடை துளைந்ததும் கட்டையைக் கழற்றாதே. மேசையை உயர்த்தி, அதே 10.2 பிற்றை (துளையலகை) அந்தத் துளைக்குள்ளாலேயே இறக்கிக் கீழ்த்தாடையையும் துளை. சாதாரண நீளப் பிற்றுக்கு இது மட்டுமட்டாக எட்டும். அடிக்கடி மேலே எடுத்துச் சுருளைத் தட்டிவிடு. தனித்தனியாக அடையாளமிட்டுத் துளைத்தால் இரண்டும் ஒரே நேரில் வராது, பின்னைச் சரித்துத் தள்ளி வளைத்துவிடும். பிறகு மேல்துளையில் மரை வெட்ட எம்12 (12 மி.மீ.) ரப் ஓட்டு: அரைச்சுற்று முன்னுக்கு, கால்சுற்று பின்னுக்கு, எண்ணெய் தாராளமாக. கீழ்த்துளையை 13க்குப் பெருப்பி, பின்னின் தலை அதற்குள் இறங்க வேண்டும்.

ஆணி தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்ததாக இருக்கட்டும். அதைச் சூடாக்காதே, பதம் போய்விடும். நுனியைச் சமமாக அராவி, நடுவில் சிறு குழி போட்டு, கால் அங்குலப் போல் ஒன்றைக் கிறீஸோடு வை. அதன் கீழே, மேலே குழியிட்ட 5 மி.மீ. தட்டுத் துண்டு. ஆணி சுற்றும், தட்டுச் சுற்றாது. பின்னின் மரை தப்பும். (கிராங்க் அச்சில் பக்கத்துக்கு 11 இருப்பதும் அதே அளவுப் போல்தான்.)

முதல்நாள் இரவே கறள் எண்ணெய் விடு. கொட்டர் நட்டைக் கழற்றிவிடாதே. அதன் மேல்முகம் பின் நுனியோடு சமமாக வரும்வரை இளக்கு. அமுக்கியை வெளிப்பக்கத்தால் கொழுவு. கையளவு 200 மி.மீ. ஸ்பானரில் 18 கிலோ பாரம் அளவுக்கு இழுத்தால், ஆணி ஏறக்குறைய ஒன்றரைத் தொன் அமுக்கும். அதற்கும் அசையாவிட்டால் நீட்டுக்குழாய் போடாதே. இறுக்கினபடி விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடி. பிறகு கிராங்கின் பக்கத்தில் மெதுவாக ஒருமுறை தட்டு; பெரும்பாலும் ‘டக்’ என்று விடும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்.

புதுப் பின் வாங்கும்போது பழையதை அளந்து கொண்டு போ. ஆங்கிலச் சைக்கிள்களுக்கு 9.5 மி.மீ., ஐரோப்பாவில் மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 9. அரை மில்லிதான், ஆனால் 9ஐப் போட்டால் ஒரு மாதத்தில் கிராங்க் ஆடும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பெடல்கள் நேர்க்கோட்டில் நில்லாது. உள்ளே ஏற்றுவதும் அமுக்கியாலேதான். நட்டால் இழுத்து இறுக்கினால் மரை கழன்றுபோகும். 50 கிலோமீற்றர் ஓடினபின் மறுபடி அமுக்கு. இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், மறந்துவிடாதே.

இன்னொன்று. வலப்பக்கத்தில் பின்னின் நடுவிலிருந்து பற்சில்லு வரைக்கும் எத்தனை மி.மீ. என்று முதலில் அள. 12க்குக் குறைந்தால் தாடை நுனிகளை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். கீழ்த்துளை ஒருபக்கம் வாய் திறந்தாலும் குற்றமில்லை, மேலே மரை முழுதாக நிற்க வேண்டும். அந்த அளவை எனக்கு அனுப்பினபிறகு கட்டையில் வாளை வை.

அன்புடன்,
அப்பா