பழைய வீட்டுக்கு வெப்பப் பம்பி: முதலில் அறிய வேண்டியது நீரின் வெப்பநிலை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வன்னியிலிருந்து புலம்பெயர்ந்து பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் வேரூன்றிவிட்ட எமது உறவுகளில் பலர் இன்று சொந்த வீட்டுக்காரர்கள். அவர்கள் வாங்கியவை பெரும்பாலும் பழைய வீடுகள். லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கத்து நூறாண்டு கடந்த செங்கல் வரிசை வீடுகளும், ஹரோ பக்கத்தில் 1930களில் கட்டப்பட்ட இரட்டை வீடுகளும் அத்தகையவை. சுவரோரம் பொருத்திய றேடியேற்றர்களுக்குள் சுடுநீரை ஓடவிட்டு அறைகளைச் சூடாக்குவதே அவ்வீடுகளின் முறை. அந்நீரைச் சூடாக்கிவந்த எரிவாயு பொயிலரை அகற்றிவிட்டு, மின்சாரத்தால் ஓடி வெளிக்காற்றின் வெப்பத்தை அந்நீருக்குள் தள்ளும், ஹீற் பம்ப் என்று அவர்கள் சொல்லும் வெப்பப் பம்பியைப் பொருத்துவதா, பொருத்துவதாயின் எதைத் தெரிவுசெய்வது என்ற கேள்வி இப்போது பல குடும்பங்களில் எழுந்துள்ளது. ஆயிரக்கணக்கான பவுண் செலவாகும் காரியம் என்பதால், முடிவெடுக்குமுன் ஊரிலுள்ள பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். குளிரூட்டல் தொழிலை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் அக்கேள்விகளில் பல என்னிடம் வந்து சேர்வதால், தங்கள் பத்திரிகையை இணையத்தில் வாசிக்கும் அவர்கள் அனைவருக்குமாக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பழைய வீடு என்றாலே நீரை 70, 75 பாகை செல்சியசுக்குச் சூடாக்கவல்ல உயர்வெப்பநிலை வெப்பப் பம்பிதான் வேண்டும் என்று விற்பனைக்கு வருபவர்கள் சொல்லுவதாகவும், வேறு எதையும் தொடாமல் பொயிலர் இருந்த இடத்தில் அதை இணைத்துவிடலாம் என்று உறுதியளிப்பதாகவும் பலர் கூறுகிறார்கள். வீட்டின் வயதைக் கொண்டு இயந்திரத்தைத் தெரிவுசெய்வது முறையல்ல. ஆண்டின் மிகக் குளிரான நாளில் அந்த வீட்டுக்கு எத்தனை பாகை நீர் தேவை என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு விடை கிடைக்காமல் இயந்திரத்தின் பெயரைப் பேசுவதில் பயனில்லை.

நீரின் வெப்பநிலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது எமது தொழிலாளர்களுக்கு நன்கு தெரிந்த விடயம். வவுனியாவில் ஏ9 வீதியோரக் கடைகளின் குளிரூட்டிகளை வைகாசி, ஆனி மாதங்களில் பார்த்தால், வெளியலகின் செட்டைகள், அதாவது வெப்பத்தை வெளியே விடும் மெல்லிய உலோகத் தகடுகள், புழுதியால் அடைபட்டிருக்கும். உள்ளே சுற்றும் வாயுவை அழுத்தும் கம்பிரசருக்குச் செல்லும் வயரில் கிளாம்ப் மீற்றரை மாட்டினால் மின்னோட்டம் வழமையைவிட ஏறியிருப்பது தெரியும். உள்ளே குளிரோ குறைந்திருக்கும். செட்டைகளைக் கழுவியதும் மின்னோட்டம் இறங்கிவிடும். வெப்பத்தை வெளியே தள்ளவேண்டிய வெப்பநிலை உயர்ந்தால் கம்பிரசர் கூடுதலாக உழைக்கவேண்டும் என்பதே இதன் காரணம். வெப்பப் பம்பியும் இதே சுற்றில் இயங்குவதுதான். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து றேடியேற்றர் நீருக்குள் தள்ளுகின்ற அந்த இயந்திரத்திடம் 70 பாகை நீர் கேட்பது, புழுதி அடைத்த செட்டைகளோடு கம்பிரசரை ஓடவிடுவதைப் போன்றது.

வெளியே 0 பாகை இருக்கும் நாளில் 35 பாகை நீரைத் தரும் நல்ல இயந்திரம், ஓர் அலகு (கிலோவாற்று மணி) மின்சாரத்துக்குச் சுமார் 4 அலகு வெப்பத்தைத் தரும். 55 பாகை கேட்டால் அது 3 அலகுக்குக் கீழே இறங்கும். 70 பாகை கேட்டால் 2 அலகு அளவுக்கு வந்துவிடும். நீரின் வெப்பநிலையை ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறக்குறைய 2 முதல் 2.5 வீதம் வினைத்திறன் போகிறது என்பது தொழிலில் உள்ளோர் கையாளும் கணக்கு. பிரித்தானியாவில் மின்சார அலகின் விலை எரிவாயு அலகின் விலையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே குளிர்காலம் முழுவதும் 70 பாகையில் ஓடும் வெப்பப் பம்பியின் கட்டணம் பழைய பொயிலரின் கட்டணத்தைவிட வெகுவாகக் கூடிவிடும். அதே இயந்திரம் 45 பாகையில் ஓடினால் நிலைமை முற்றிலும் வேறு.

றேடியேற்றரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய நியமத்தின்படி ஒரு றேடியேற்றரின் வலு, நீர் 75 பாகையில் உட்சென்று 65 பாகையில் வெளியேறும்போது, 20 பாகை அறைக்கு அது கொடுக்கும் வெப்பமாகவே குறிக்கப்படுகிறது. 55 பாகையில் உட்சென்று 45 பாகையில் வெளியேறினால் அதே றேடியேற்றர் ஏறக்குறைய அரைவாசி வெப்பத்தையே கொடுக்கும். இந்தக் கணக்கைக் காட்டித்தான் பழைய வீட்டுக்குச் சாதாரண வெப்பப் பம்பி போதாது என்கிறார்கள். ஆனால் அந்த றேடியேற்றர்கள் பொருத்தப்பட்ட காலத்தில் வீட்டின் யன்னல்கள் ஒற்றைக் கண்ணாடியாக இருந்தன. கூரைக்கடியில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு இருக்கவில்லை. அதன்பின் இரட்டைக் கண்ணாடியும் கூரைப் பஞ்சும் வந்துவிட்ட வீடுகளில், அன்று அளவாக இருந்த றேடியேற்றர்கள் இன்று தேவைக்கு மேற்பட்டவை. பொயிலரின் அளவும் எம்மை ஏமாற்றக்கூடாது. 28 கிலோவாற்று பொயிலர் என்பது குளியலறைக் குழாயில் உடனுக்குடன் சுடுநீர் தருவதற்காக வைக்கப்பட்ட அளவு. ஆண்டுக்கு 14,000 அலகு எரிவாயு செலவிடும் லண்டன் வீடொன்றின் அறைகளைச் சூடாக்க, மிகக் குளிரான நாளிலும் 5, 6 கிலோவாற்றே போதுமானதாக இருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க எவரையும் அழைக்க வேண்டியதில்லை. இருக்கின்ற பொயிலரிலேயே றேடியேற்றருக்குச் செல்லும் நீரின் வெப்பநிலையை 55 பாகைக்குக் குறைத்து, எல்லா றேடியேற்றர்களின் வால்வுகளையும் முழுமையாகத் திறந்து, குளிர் உச்சத்தில் உள்ள நாட்களில் இரவு பகலாக ஓடவிட வேண்டும். காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் இரண்டு மணித்தியாலம் என்று நிறுத்தி ஓட்டினால் இச்சோதனை பொய்யான விடையையே தரும். ஏனென்றால் குறைந்த வெப்பநிலை நீர் அறையை மெதுவாகவே சூடாக்கும், சூடாக்கியபின் அப்படியே வைத்திருக்கும். சுடுநீர்த் தாங்கி தனியாக உள்ள வீட்டில் தாங்கியின் வெப்பநிலையைக் குறைக்கக்கூடாது. லீஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வளராமல் இருக்க அங்கே 60 பாகை இருக்கவேண்டும். இரண்டு நாட்களின் பின்னும் எல்லா அறைகளும் சூடாக இருந்தால் 50 பாகைக்கும் குறைத்துப் பார்க்கலாம்.

ஹரோவில் உள்ள என் மருமகன், என் சகோதரியின் மகன், கடந்த குளிர்காலத்தில் இதைச் செய்தார். 70 பாகையில் ஓடிக்கொண்டிருந்த பொயிலரை 55 பாகைக்குக் குறைத்தபோது வீட்டின் மற்ற அறைகளில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. "மாமா, அம்மாவின்ரை அறை மட்டும் ஏறுதில்லை" என்றார். வடக்குப் பார்த்த அந்த அறையில் ஒற்றைத் தகட்டுச் சிறு றேடியேற்றர் ஒன்றே இருந்தது. அதே சுவரில், அதே நீளத்தில், இரட்டைத் தகடும் இரட்டைச் செட்டையும் கொண்ட றேடியேற்றரைப் பொருத்தினால் ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான வெப்பம் கிடைக்கும். அந்த ஓர் அறைக்காக வீடு முழுவதற்கும் 70 பாகை நீரை அனுப்புவதற்குப் பதிலாக, அந்த ஓர் அறையின் றேடியேற்றரை மாற்றினார். முன்பு அவருக்கு உயர்வெப்பநிலை இயந்திரத்துக்கு விலை சொன்னவர் எந்த அறையையும் அளந்து பார்த்திருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

அந்த அறையைப் பற்றி இன்னும் சற்று எழுத விரும்புகிறேன், ஏனென்றால் எமது குடும்பங்களுக்கே உரிய ஒரு விடயம் அதில் உண்டு. பிரித்தானியாவில் கணக்குப் போடுபவர்கள் வழமையாக இருப்பறைக்கு 21 பாகையும் படுக்கையறைக்கு 18 பாகையும் என்று வைத்துக்கொள்கிறார்கள். புதுக்குடியிருப்பு வெயிலில் அறுபது வயது வரை வாழ்ந்துவிட்டுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்த என் சகோதரிக்கு 18 பாகை என்பது நோய்தான். அவர் பகலிலும் பெரும்பாலும் இருப்பது அந்தப் படுக்கையறையில். வெளியே மைனஸ் 2 பாகை இருக்கும் நாளில் அறையை 18 பாகைக்குப் பதிலாக 22 பாகையில் வைத்திருப்பதற்கு 20 வீதம் கூடுதலான வெப்பம் தேவை. அறை சூடாக இருப்பதால் றேடியேற்றர் கொடுக்கும் வெப்பமும் சற்றுக் குறையும். கணக்கெடுக்க வருபவரிடம் எந்த அறையில் முதியவர் இருக்கிறார், அங்கே எத்தனை பாகை வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் அந்த அறைக்கு ஏற்ற றேடியேற்றரை அவர் தெரிவுசெய்வார். சொல்லாமல் விட்டால், வீடு சூடேறவில்லை என்ற முறைப்பாடு பின்னர் வரும், இயந்திரத்தை 65 பாகைக்கு உயர்த்தி வைப்பார்கள், கட்டணம் ஏறும்.

உயர்வெப்பநிலை இயந்திரமே கூடாது என்பது என் கருத்தன்று. இன்று சந்தைக்கு வரும் பலவற்றில், வெப்பத்தைச் சுமந்து சுற்றும் வாயுவாக ஆர்-290 என்ற புரொப்பேன் பயன்படுகிறது. அதைக் கொண்டு 70 பாகைக்கு மேலும் நீரைச் சூடாக்கலாம். ஆனால் அத்தகைய இயந்திரத்தை 45 பாகையில் ஓடவிட்டால் சாதாரண இயந்திரத்துக்கு நிகரான வினைத்திறனைத் தரும். வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் வெப்பநிலையைத் தானாகவே ஏற்றி இறக்கும் அமைப்பைச் சரியாக வைத்துவிட்டால், ஆண்டில் சில நாட்கள் மட்டும் 55, 60 பாகைக்கு ஏறி, மீதி நாட்களில் அது தாழ்ந்தே ஓடும். பழைய ஆர்-410ஏ வாயு புவியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைப்போல் 2,088 மடங்கு. புரொப்பேனில் அந்தச் சிக்கல் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் புரொப்பேன் எரியக்கூடியது, காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். எனவே வெளியலகைக் கதவு, நிலவறை யன்னல், வடிகால் வாய் ஆகியவற்றுக்கு அருகே வைக்கக்கூடாது.

இரண்டு கம்பிரசர்களையும் இரண்டு வாயுக்களையும் அடுக்காக வைத்து 80 பாகை வரை கொடுக்கும் இயந்திரங்கள் வேறு வகை. அவற்றில் பல எப்போதும் இரண்டு கட்டங்களைக் கடந்தே வெப்பத்தைத் தருபவை என்பதால் மிதமான நாட்களிலும் இழப்பு உண்டு, விலையும் கூட. காபனீரொட்சைட்டையே சுற்றும் வாயுவாகக் கொண்ட இயந்திரமோ திரும்பிவரும் நீர் 30 பாகை அளவில் இருந்தால்தான் நன்றாக ஓடும். குளியல் நீருக்கு மிகப் பொருத்தம், சூடாகத் திரும்பும் றேடியேற்றர் நீருக்குப் பொருத்தமில்லை.

உண்மையிலேயே உயர்வெப்பநிலை தேவைப்படும் வீடுகளும் உள்ளன. வெளிச்சுவரைத் தொடக்கூடாது என்று சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட திண்மச் செங்கல் வீடுகள், றேடியேற்றரைப் பெரிதாக்கச் சுவரில் இடமில்லாத வீடுகள், 1970களில் 8, 10 மில்லிமீற்றர் மெல்லிய செப்புக் குழாய்கள் தரைக்குள் புதைக்கப்பட்ட வீடுகள் அத்தகையவை. குழாயை எவரும் கவனிப்பதில்லை. 6 கிலோவாற்று வெப்பத்தை, சென்று திரும்பும் நீருக்கிடையில் 20 பாகை வேறுபாட்டுடன் பொயிலர் அனுப்பும்போது நிமிடத்துக்கு 4 லீற்றருக்குச் சற்று மேல் நீர் ஓடினால் போதும். 5 பாகை வேறுபாட்டில் இயங்கும் வெப்பப் பம்பிக்கு 17 லீற்றர் ஓடவேண்டும். மெல்லிய குழாய்க்குள் அது ஓடாது. அங்கே குழாயை மாற்றுவதா, கூடிய வெப்பநிலையில் குறைந்த நீரை ஓடவிடுவதா என்பதைக் கணக்குப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

கனடாவில் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: ரொறன்ரோப் பகுதி வீடுகளில் பெரும்பாலானவை குழல்வழியே சூடான காற்றை அனுப்புபவை என்பதால் மேலே எழுதியவற்றில் றேடியேற்றர் பற்றிய பகுதி அவற்றுக்குப் பொருந்தாது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023 ஒக்டோபர் முதல் 7,500 பவுண் அரச மானியம் கிடைக்கிறது. பொருத்துபவர் அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டு, எந்த வெளி வெப்பநிலையில் எத்தனை பாகை நீர் என்பதை எழுத்தில் தரவேண்டும். இங்கிலாந்தில் 2022இல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளே புதிய வெப்பமூட்டல் அமைப்புகளுக்கு 55 பாகையை உச்சமாக வைத்துள்ளன. நீரின் வெப்பநிலை எழுதப்படாத விலைமனுவில் எமது பிள்ளைகள் கையொப்பமிடக்கூடாது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இயங்குகின்றன. அங்கு கற்பிப்போர் இக்கணக்கைத் தமிழில் படிப்படியாக எழுதித்தந்தால், அதற்குத் தங்கள் பத்திரிகையில் இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

பொயிலர் திடீரென்று நின்றுபோன வீட்டில், முதியவர்களும் குழந்தைகளும் குளிரில் இருக்கும்போது கணக்குப் பார்க்க எவருக்கும் அவகாசம் இராது. அன்று கையில் கிடைக்கும் இயந்திரமே பொருத்தப்படும். ஆகவே, பொயிலர் நல்ல நிலையில் இருக்கும் வரும் தை, மாசியிலேயே 55 பாகைச் சோதனையைச் செய்து, ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுமாறு அங்குள்ள எமது உறவுகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குளிரூட்டல் தொழில்நுட்பப் போதனாசிரியர்,
வவுனியா.