மேனேஜர் இல்லாத உன் ஆபீஸ்

அன்பு மகளுக்கு,

போனில் நீ பேசிய வேகத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "எங்க ஆபீஸ்ல இனிமே மேனேஜரே கிடையாதும்மா, பன்னிரண்டு பேரும் சமம்" என்றாய். அப்புறம் நாடே இப்படி நடக்கலாம், பொருளாதாரமும் நடக்கலாம் என்று போய்க்கொண்டே இருந்தாய். நான் 'ம்' கொட்டியதைச் சம்மதம் என்று நினைத்திருப்பாய். யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

முப்பத்தோரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான். சீஃப் சர்ஜன் கையை நீட்டினால், கேட்பதற்கு முன்பே கத்தரிக்கோல் அந்தக் கையில் இருக்க வேண்டும். ரத்தம் பீய்ச்சியடிக்கிற நேரத்தில் ஓட்டெடுப்பு நடத்த முடியாது. அதனால், தலைமையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். வயிற்றைத் தைத்து மூடுமுன், உள்ளே ரத்தத்தை ஒற்றியெடுக்கிற மாப் துணிகளை எண்ண வேண்டும். இருபது பிரித்துக் கொடுத்திருந்தேன். பத்தொன்பதுதான் திரும்பியிருந்தது. வாளியில் கிடந்ததை எடுத்துத் தரையில் ஐந்தைந்தாக அடுக்கி மறுபடி எண்ணினேன். பத்தொன்பது. "சார், கவுண்ட் சரியில்லை" என்றேன். சீஃப் நிமிரவே இல்லை. "ஒழுங்கா எண்ணத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு நூலை வாங்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு தையல் விழுந்திருக்கும், மயக்க மருந்து டாக்டர், "சிஸ்டர் சொல்றாங்களே, ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். குடல் மடிப்புக்குள், ரத்தத்தில் ஊறி, குடலின் நிறத்திலேயே இருந்தது அந்த இருபதாவது மாப்.

சீஃப் செய்தது தப்புதான். ஆனால் நான் ஏன் வாயை மூடினேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். மேலெழும்பக் கிளம்பிய விமானத்தின் கேப்டன், மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த மூத்தவர். இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானி அறையில் அவரோடு இருந்த பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். அதற்குப் பிறகு விமானத் துறை கேப்டன் பதவியை ஒழித்துவிடவில்லை; கீழே இருப்பவர் மறுத்துப் பேசவும் கேப்டன் காதுகொடுக்கவும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கமும் 2008-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கிற எல்லாரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு முறை திறந்த வாய், அப்புறம் 'நிறுத்துங்க' என்று சொல்லவும் கொஞ்சம் துணியும்.

சின்ன வயதில் கடற்கொள்ளையர் கதை என்றால் உனக்கு உயிர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கொள்ளைக் கப்பல்கள் பலவற்றில் கேப்டனை மாலுமிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். சண்டையிலும் துரத்தலிலும் அவர் சொன்னதுதான் சட்டம். மற்ற நேரத்தில் பெரும்பான்மை வைத்ததுதான். பங்கு பிரிக்கிற வேலை கேப்டன் கையில் இல்லை. அதற்கு வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். திருடர்கள்தான், ஆனாலும் என் சீஃபைவிட விவரமானவர்கள்.

முன்னால் நின்று கையசைத்து வழிநடத்துகிற நடத்துநர் இல்லாத இசைக்குழுவைப் பற்றிச் சொன்னாயே, நியூயார்க்கின் ஆர்ஃபியஸ், அதைத் தேடிப் படித்தேன். 1972-இலிருந்து அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு படைப்புக்கும் முன்னின்று நடத்த ஒருவர் உண்டு. அடுத்த படைப்புக்கு அந்த நாற்காலியில் வேறொருவர். தலைமை இருக்கிறது, யாரிடமும் தங்குவதில்லை.

சந்தைக்கு யார் தலைவர் என்று மடக்கினாய். சரி, யாரும் இல்லை. விலையைப் பார்த்து அவரவர் முடிவெடுத்தே பெரும்பகுதி நடக்கிறது. அப்படியானால் கம்பெனிக்குள் மட்டும் ஏன் மேலாளர் என்று பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1937-இலேயே கேட்டார் (உன் கல்லூரிப் புத்தகங்களை நைட் ஷிஃப்டில் புரட்டியவள் நான், மறந்துவிடாதே). ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசுவதற்கே செலவு ஆகிறது என்பது அவர் பதில். கத்தரிக்கோலுக்கு ஒவ்வொரு தடவையும் சீஃபோடு பேரம் பேச முடியுமா? தொழிலாளிகளே முதலாளிகளான ஸ்பெயினின் மொண்ட்ராகன் கூட்டுறவுகளில்கூட, 1956-இல் ஒரு பட்டறையில் தொடங்கியவை, மேலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை நியமிக்கிற குழுவைத் தொழிலாளிகள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுதான் வித்தியாசம். அதனால் எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. வீட்டுச் சாதனங்கள் செய்த அவர்களுடைய பெரிய கூட்டுறவு ஒன்று 2013-இல் திவாலானது.

உங்கள் ஆபீஸ் விஷயத்தில் என் பயம் வேறு. தலைவர் பெயர்ப் பலகையைக் கழற்றினால் தலைமை போய்விடாது. தடி எடுத்தவன் தண்டல்காரன் ஆவான். மேனேஜர் என்று ஒருவர் இருந்தால் அவரிடம் போய்க் கேட்கலாம், மேலே புகார் கொடுக்கலாம், மாற்றலாம். 'நாங்கள் எல்லாரும் சமம்' என்று சொல்கிற இடத்தில், எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசுகிறவரை எப்படி மாற்றுவாய்?

புதிதாகச் சேர்ந்த பெண் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை என்று போன மாதம் சொன்னாய். ஒரு நாள் அவளைத் தனியாகக் கூட்டிப்போய், அங்கே யார் பேச்சை மறுத்துப் பேச அவளுக்குப் பயம் என்று கேள். உடனே சொல்ல மாட்டாள். கொஞ்சம் பொறுமையாக இரு. உன் பெயரைச் சொன்னால் அவளிடம் கோபப்படாதே. எனக்குப் போன் பண்ணு.

அம்மா