நமது மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இன்று நேரில் வந்திருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

இது ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் என்பதை முதலில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு முன் முறைப்படி அறிவிப்பு அனுப்பிக் கூட்டப்பட்ட ஆண்டுப் பொதுக்குழுவில், 72 உறுப்பினர்களில் 24 பேர் வந்திருந்தால் கோரம் என்று பேச்சில் நாம் சொல்லும் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, நிறைந்திருக்கும். வந்தவர்கள் 19 பேர்; அரை மணி நேரக் காத்திருப்பில் ஒருவர் விடைபெற்றுக்கொண்டதால் அது 18 ஆயிற்று. ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்துக்கு வந்திருப்போர் எத்தனை பேராயினும் அதுவே குறைவெண்ணாகக் கொள்ளப்படும் என்ற விதியின் தயவில்தான் இவ்வறிக்கை வாசிக்கப்படுகிறது. மக்களாட்சிக்கு ஏற்பட்டுவரும் புதிய ஆபத்துகளைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசுவதற்காகத் தொடங்கப்பட்ட மன்றம் இது என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறேன்.

ஆண்டில் செயற்குழு ஒன்பது முறை கூடியது. வாக்காளர் பட்டியலில் பெயர் சரிபார்ப்பதற்கான உதவி முகாம்கள் இரண்டு நடைபெற்றன. மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி வழக்கம்போல் நடத்தப்பட்டுச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. நூலக அலமாரி பழுது பார்க்கப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

மாதாந்திர ஆய்வுக் கூட்டங்கள் பத்து நடந்தன. அவற்றுள் கூட்டம் நிறைந்தது தென் கொரியாவைப் பற்றிய அமர்வு ஒன்றுதான். 2024 டிசம்பர் 3 இரவு அந்நாட்டு அதிபர் இராணுவச் சட்டத்தை அறிவித்ததும், மக்கள் நாடாளுமன்ற வாயிலில் திரண்டதும், உள்ளே சென்று சேர்ந்த 190 உறுப்பினர்கள் ஒருவர்கூட எதிர்க்காமல் அதை நீக்க வாக்களித்ததும் திரைக்கதைபோல் இருப்பதால் அனைவரும் ஆர்வத்துடன் கேட்டனர். பிலிப்பைன்ஸ் பற்றிய அமர்வுக்கு அதில் பாதிப் பேரே வந்தனர். 1986ஆம் ஆண்டுத் தேர்தலில் நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பு சுமார் ஐந்து லட்சம் தொண்டர்களைக் கொண்டு வாக்குச்சாவடி வாரியாகத் தானே எண்ணிக்கையைத் திரட்டி, அதிகாரபூர்வ எண்ணிக்கையோடு பொருந்தாத இன்னொரு கணக்கை நாட்டின்முன் வைத்தது. பெரிய முழக்கங்களைவிட, சாவடி வாசலில் தாளும் பேனாவுமாகக் காத்திருந்தவர்களின் பொறுமையே அங்கு வேலை செய்தது என்பது என் கருத்து. வெளிநாட்டு நிதி பெறும் தன்னார்வ அமைப்புகளை முத்திரை குத்தும் சட்டங்கள் பற்றிய அமர்வுக்கு வந்தவர்கள், பேச்சாளரையும் என்னையும் சேர்த்து, ஏழு பேர்.

இனி, பரவும் செய்திகள் மெய்தானா என்று ஆராயும் நம் சரிபார்ப்புக் குழுவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற உறுப்பினர்கள் அனுமதிக்க வேண்டும். இதைச் செயலாளரின் சொந்த விருப்பத் திட்டம் என்று சிலர் குறிப்பிடுவது எனக்குத் தெரியும். செயற்குழு ஒருமனதாக ஏற்ற திட்டம் இது. ஒருமனதாக ஏற்றவர்கள் அதன்பின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காததால்தான் அது என்னுடைய திட்டமாக மாறிப்போயிற்று.

தைவானில் 2016 முதல் இயங்கிவரும் கோஃபேக்ட்ஸ் என்ற தன்னார்வ முயற்சியே இதற்கு முன்மாதிரி. தமக்கு வந்த சந்தேகத்துக்குரிய செய்தியை ஒருவர் அனுப்பினால், தொண்டர்கள் அதை ஆராய்ந்து, ஆதாரத்துடன் பதில் எழுதிப் பொதுவில் வைக்கிறார்கள். அதே செய்தியை நாளை வேறொருவர் அனுப்பினால் அப்பதில் தானாகவே அவருக்குப் போய்ச் சேர்கிறது. அவர்கள் உண்மை, பொய் என்று இரண்டே பெட்டிகள் வைத்துக்கொள்ளவில்லை. சரியான தகவல் உள்ளது, தவறான தகவல் உள்ளது, இது தனிப்பட்ட கருத்து, இது நாங்கள் ஆராயும் எல்லைக்குள் வராது என்று நான்கு வகை வைத்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றாவது வகைதான் என்னைக் கவர்ந்தது. ஒருவருடைய கருத்து நமக்குப் பிடிக்காதது என்பதாலேயே அதைப் பொய் என்று அறிவிக்கும் உரிமை நமக்குக் கிடையாது. அந்த வேறுபாட்டைக் காக்கத் தவறும் சரிபார்ப்பாளர் சிறிது காலத்தில் இன்னொரு கட்சிக்காரராகத்தான் முடிவார்.

நம்மிடம் தானியங்கி ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு கைப்பேசி எண்ணும், ஒரு பதிவேடும், தொடக்கத்தில் எட்டுத் தொண்டர்களும் இருந்தனர். பதினொரு மாதங்களில் 214 செய்திகள் வந்தன. 162 செய்திகளுக்குப் பதில் எழுதினோம். மீதமுள்ளவை நிலுவையில் உள்ளன என்பதை மறைக்க விரும்பவில்லை. முழுப் பொய்யாகப் புனையப்பட்டவை நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பழைய படத்துக்குப் புதிய தேதி, வேறு நாட்டுக் காணொளிக்கு உள்ளூர்த் தலைப்பு, உண்மையான பேச்சின் நடுவிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு வரி ஆகியவையே பெரும்பான்மை. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் எல்லாம் அழிந்தது என்று அஞ்சுவோருக்கு இதைத் தெரிவிக்க விரும்புகிறேன்: இன்றும் பெரும்பாலான ஏமாற்றுக்குக் கத்தரிக்கோலே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் கத்தரிக்கோலால் ஆகாத ஒன்றும் இவ்வாண்டு நடந்தது. பொதுவாழ்வில் உள்ள ஒருவர் பேசியதாகச் சொல்லப்பட்ட, ஒரு நிமிடத்துக்கும் குறைவான குரல் பதிவு ஒன்று, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மாலை, நம் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவிலேயே பகிரப்பட்டது. பகிர்ந்தவர் நம் மதிப்புக்குரிய மூத்த உறுப்பினர். 2023 செப்டம்பரில் சுலோவாக்கியத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, பிரசாரத்துக்குத் தடை தொடங்கிவிட்ட நேரத்தில், முற்போக்கு சுலோவாக்கியா கட்சித் தலைவர் மிக்கால் ஷிமெச்கா வாக்குகளை வாங்குவது பற்றிப் பேசுவதுபோன்ற போலிக் குரல் பதிவு பரவியதையும், மறுத்துப் பேசவும் ஊடகங்கள் விளக்கவும் விதிகளே இடையூறாக நின்ற அந்த நேரத்தில் அது வெளியானதையும், நம் குழுவில் இது நடப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஆய்வுக் கூட்டத்தில் விரிவாகப் பேசியிருந்தோம். மூத்த உறுப்பினர் அக்கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை.

அந்தப் பதிவு போலி என்று ஆதாரத்துடன் எழுத எங்களுக்கு 19 மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வாக்குப்பதிவு பாதி முடிந்திருந்தது. இந்தத் தாமதத்துக்கு நான் பொறுப்பேற்கிறேன். ஆயினும் எட்டுத் தொண்டர்களில் அன்று தொலைபேசியை எடுத்தவர்கள் இருவர் என்பதும் குறிப்பில் இடம்பெற வேண்டும். திருத்தத்தை அதே குழுவில் வெளியிட்டதன் மூலம் மூத்த உறுப்பினரைப் பலர் முன்னிலையில் சிறுமைப்படுத்தினேன் என்று எழுத்துபூர்வமான புகார் வந்துள்ளது. பொய் எந்த வாசல் வழியாக உள்ளே வந்ததோ அந்த வாசலில்தான் திருத்தமும் ஒட்டப்பட வேண்டும். தனியே ஒருவர் காதில் சொன்னால் மற்ற 71 பேரிடம் பொய் அப்படியே இருந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்கும் கூற்று மெய்போலத் தோன்றத் தொடங்கும் என்பதை உளவியலாளர்கள் 1977-லேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள் என்பதால், பதிவில் இருந்த வாசகத்தைத் திருத்தத்தில் மறுபடி எழுதாமலும் தவிர்த்தேன். இருப்பினும், வெளியிடுவதற்கு முன் அவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை நான் செய்யவில்லை.

இரண்டு தரப்பும் நம்மைச் சார்புடையவர்கள் என்று குற்றம் சாட்டுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது நடுநிலைமைக்குச் சான்று ஆகாது. இரு பக்கமும் தவறு செய்பவரையும் இரு பக்கமும் ஏசத்தான் செய்யும். ஆகவே, தவறான முடிவுகளை மறுபரிசீலனை செய்ய மேல்முறையீட்டுப் பக்கம் ஒன்றைப் பதிவேட்டில் சேர்த்துள்ளேன். இதுவரை மூன்று பதில்களைத் திருத்தினோம். எட்டாகத் தொடங்கிய தொண்டர் எண்ணிக்கை இப்போது மூன்று, என்னையும் சேர்த்து.

அடுத்து, விதிமுறைகள் பற்றிய இரண்டு செய்திகள். செயலாளர் பதவியில் ஒருவர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் விதி. இது எனக்கு ஐந்தாம் ஆண்டு. எல் சால்வடாரில் 2025 ஜூலை இறுதியில் அதிபரின் பதவிக்கால வரம்பை நாடாளுமன்றம் நீக்கிய செய்தியைக் குழுவில் பகிர்ந்து, கீழே என் பெயரைக் குறிப்பிட்டுச் சிரிப்புக் குறி இட்ட நண்பரின் நகைச்சுவையை நான் ரசித்தேன். ஆனால் வேட்புமனு கோரி இருமுறை அறிவிப்பு அனுப்பப்பட்டு, இருமுறையும் ஒரு மனுகூட வரவில்லை. மாற்று ஏற்பாடு ஆகும்வரை பழைய செயலாளரே நீடிக்கலாம் என்ற துணைவிதியின்கீழ் பணியாற்றுகிறேன். அந்த நண்பரும் மனு அளிக்கவில்லை.

இரண்டாவதாக, குறைவெண்ணை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்காகக் குறைக்கலாம் என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டுள்ளது. நிர்வாக வசதிக்காக என்று காரணம் கூறப்பட்டுள்ளது. செயலாளர் என்ற முறையில் எனக்குத்தான் இதனால் வசதி அதிகம், இருந்தும் எதிர்க்கிறேன். இக்காலத்தில் மக்களாட்சி குலையும் இடங்களில் பலவற்றில் பீரங்கி வண்டிகள் தெருவுக்கு வருவதில்லை. ஹங்கேரியில் 2010-ல் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்ற கட்சி, அந்தப் பலத்தாலேயே, எதிர்க்கட்சிகளின் ஆதரவு இல்லாமல் புதிய அரசமைப்பை நிறைவேற்றி, 2012 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விதியை மீறவில்லை, திருத்தினார்கள். எட்டுப் பேர் கூடி 72 பேருக்காக முடிவெடுக்கும் ஏற்பாட்டை, நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், நாமே நமக்குச் செய்துகொள்ளலாகாது.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. செலவு பெரும்பாலும் வரவுக்குள் அடங்கியது. சில சிறு தொகைகளைச் செயலாளர் முன்பணமாகக் கொடுத்திருக்கிறார், அவற்றைப் பற்றி இப்போது பேசுவதற்கில்லை. கணக்குகள் சரிபார்க்கப்பட்டு வருகின்றன.

ஆண்டுச் சந்தாவை முழுமையாகச் செலுத்தியவர்கள் 31 பேர். நான்கு நினைவூட்டல்கள் அனுப்பினேன். நான்கும் படிக்கப்பட்டதற்கான நீலக்குறி எல்லோரிடமிருந்தும் கிடைத்தது. நிலுவை வைத்திருப்போரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் குறைவெண் பிரச்சினையும் தானே தீர்ந்துவிடும் என்று செயற்குழுவில் ஒருவர் யோசனை சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் வாக்காளர் பட்டியலிலிருந்து முறையான அறிவிப்பின்றிப் பெயர்கள் நீக்கப்படுவதைக் கண்டித்து முகாம் நடத்தியவர்கள் நாம். ஆகவே ஒவ்வொருவருக்கும் எழுத்தில் விளக்கம் கேட்டு, முப்பது நாள் அவகாசம் தந்து, அதன் பிறகே எதையும் செய்வதென்று முடிவாயிற்று. அந்த முப்பது நாள் நேற்று தொடங்கியது.

சந்தாவை நம்பாமல் வெளி நிதியை நாடலாம் என்ற கருத்தும் வந்தது. ஏழு பேர் வந்த அமர்வில் பேசப்பட்டது இதுவே. ரஷ்யாவில் 2012-ல் வந்த அயல்நாட்டு முகவர் சட்டத்தின் வழியில், ஜார்ஜியாவில் 2024-ல், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்புகள் அயலார் நலனைப் பேணுவோராகத் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற சட்டம், பெருந்திரளான மக்கள் எதிர்ப்பையும் மீறி நிறைவேறியது. மறுபுறம், 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் தேர்தல் கண்காணிப்பிலும் சுதந்திர இதழியலிலும் ஈடுபட்டிருந்த அமைப்புகள் திடீரென்று ஊதியம் கொடுக்க முடியாமல் நின்றன. வாங்கினால் முத்திரை; நின்றால் முடக்கம். உறுப்பினர் சந்தாவில் நடக்கும் அமைப்பை எந்த அரசும் ஒரே கையெழுத்தில் நிறுத்திவிட முடியாது. அதை நிறுத்தும் வல்லமை சந்தா செலுத்தாத உறுப்பினர்களிடம் மட்டுமே இருக்கிறது.

ஆண்டு முழுவதும் வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், கூட்ட அறையைத் தந்துதவிய நிர்வாகத்துக்கும், ஆய்வுக் கூட்டங்களில் உரையாற்றிய அறிஞர்களுக்கும், போட்டி நடுவர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அழைப்பிதழில் பெயர் இடம்பெற்றும் வர இயலாமற்போன சிறப்பு விருந்தினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சரிபார்ப்புக் குழு தொடர வேண்டுமானால் குறைந்தது ஐந்து பேர் புதிதாகச் சேர வேண்டும். கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை. ஒரு படத்தை வைத்தே அது முன்பு எங்கே வெளியானது என்று இணையத்தில் தேடுவது எப்படி என்பதை ஒரு மாலையில் கற்றுத்தர முடியும். தமக்குப் பிடித்தமான செய்தியையும் சந்தேகிக்கும் மனம் மட்டும் வேண்டும். அதைக் கற்றுத்தர எனக்குத் தெரியவில்லை. ஐந்து பேர் கிடைக்காவிட்டால் மார்ச் இறுதியோடு அந்தக் கைப்பேசி எண்ணை மூடிவிடும் யோசனையை முன்வைப்பேன். இதை அச்சுறுத்தலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செயலாளர் பதவிக்கான வேட்புமனுக்கள் இக்கூட்டம் முடியும்வரை பெற்றுக்கொள்ளப்படும். படிவங்கள் வருகைப் பதிவேட்டுக்கு அருகிலேயே வைக்கப்பட்டுள்ளன. இவ்வறிக்கையை வாசிக்கத் தொடங்கியபோது இருபது படிவங்கள் இருந்தன. இப்போதும் இருபது இருக்கின்றன. பேனா இல்லாதவர்கள் என்னிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர் (மாற்று ஏற்பாடு ஆகும்வரை)