பழைய ஓரங்குலத் தாளில் மஸ்கெலியாவைத் தேடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

வறட்சியில் இலங்கை மலையகத்தின் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும்போதெல்லாம், அணைக்கு முந்திய ஓரங்குல இடவிளக்கப்படத்தின் (தரையின் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் படம்) பிரதிகள் கைமாறுகின்றன. நல்ல காரியம். 1960களில் நீருக்குள் போன ஊரும் பாதையும் ஓயாவின் (ஆற்றின்) நெளிவுகளும் அந்தத் தாளில்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அதை இன்றைய 1:50,000 படத்துக்குப் பக்கத்தில் வைத்து, சரிவு முன்னைவிடச் செங்குத்தாகிவிட்டது என்று முடிவுகட்டுவது பிழை.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சமவுயரக்கோடு. பழைய படத்தில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு 100 அடி, அதாவது 30.48 மீற்றர். புதியதில் 20 மீற்றர். அதே 600 மீற்றர் ஏற்றத்துக்குப் பழையதில் ஏறக்குறைய 20 கோடுகள், புதியதில் 30. கோடுகள் நெருங்கித் தெரிவது இதனால்தான். எண்ணிப் பார்ப்பதை விட்டு அடிமட்டத்தால் அளக்க வேண்டும். ஓரங்குலத் தாளில் 1 மில்லிமீற்றர் தரையில் சுமார் 63 மீற்றர். அடுத்தடுத்த இரு கோடுகள் அவ்வளவே விலகி நின்றால் அங்கே சரிவு ஏறக்குறைய 26 பாகை.

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்கள் பழையதை 127 வீதத்துக்குப் பெருப்பித்துப் பிரதி எடுக்கட்டும். ஓரங்குலம் 1:63,360 என்பதால் சரியான கணக்கு 126.7. பெருப்பித்த பிறகு, அடியில் உள்ள அளவுகோட்டில் 5 மைல் 16.1 சென்ரிமீற்றர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தாள் சுருங்கியிருக்கிறது அல்லது பிரதி இழுபட்டிருக்கிறது. நெய்யரிக் கோடுகளை (படத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டக் கோடுகளை) நம்பிப் பொருத்தக் கூடாது. பழைய நெய்யரியும் புதியதும் வேறு. மலையுச்சிகளையும், நீரில் மூழ்காத ஆற்று வளைவுகளையும் குறைந்தது நான்கு இடத்தில் பொருத்துங்கள். நீர்த்தேக்கத்தின் கரையைக் கொண்டு பொருத்தவே கூடாது. பழைய தாளில் அந்தக் கரை இல்லையே!

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 100 அடிக்குக் குறைந்த மேடுபள்ளம் இரு கோடுகளுக்கு நடுவே மறைந்துவிடும். லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப்) பின்னால் உள்ள ஓடையும் மண் இறங்கிய தழும்பும் அதில் தெரியாது. எனவே வீடு கட்ட இடம் பார்க்க இந்தப் படம் உதவாது. அதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள் இருக்கின்றன.

மூலத் தாள் வைத்திருக்கும் வாசிகசாலைகள் அதைச் சூட்டில் பிளாஸ்டிக் உறையிட வேண்டாம். சூட்டில் தாள் இழுபட்டால் அளவு போய்விடும், உறையைப் பிரிக்கவும் முடியாது. சுருட்டாமல், மடிக்காமல், தட்டையாக வைத்தால் போதும்.

புவியியல் ஆசிரியர்கள்,
ஹட்டன்