கையால் செய்ய முடிவதைத் திரைக்குக் கொடுக்காதீர்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கும், வகுப்பறைகளுக்கான காணொளிகளையும் பாடப்பொருளையும் தயாரிக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். வகுப்பறைக்கு வந்திருக்கும் கருவிகளைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன். கருவிகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2018-இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடு (கியூஆர் கோடு) இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்ற கணினி அறை வந்தது. 2023-இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி. அப்புறம் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்ற அறிவிப்புகள். என் மாணவர்கள் பலருடைய வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதுவும் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது கூடவே கிளம்பிவிடும். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு பெரிய திரை கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. அதற்கு நன்றி.

என் வேண்டுகோள் அந்தத் திரையில் எதைக் காட்டுவது என்பதைப் பற்றியது. பிள்ளைகள் தங்கள் கையால் செய்துபார்க்க முடிகிற எதையும் தயவுசெய்து காணொளியாக்கி அனுப்பாதீர்கள். கைக்கும் கண்ணுக்கும் எட்டாத விஷயங்களுக்கு அந்தத் திரையைக் கொடுங்கள்.

அமிலம், காரம் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்தால் நிறங்காட்டித் தாள் தயார். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பவும் மஞ்சளாகும். செம்பருத்தி இதழைச் சுடுதண்ணீரில் ஊறவைத்த சாறு இன்னும் அழகாக வேலை செய்யும். புளிப்பில் அடர்ந்த இளஞ்சிவப்பு, சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சை. இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். மறுநாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து மோர், சமையல் சோடா, சாம்பல் கரைத்த தண்ணீர் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். வெள்ளைச் சட்டையில் சிந்திய குழம்புக்கறை சோப்பு போட்டதும் ஏன் சிவக்கிறது என்ற கேள்வி தானாக வரும். சில தாள்கள் சிவக்காமலும் போகும். ஏன் என்று தேடினால், எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் ஒருவன் தாளைத் தொட்டிருப்பான். அதை அந்தக் குழுவே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதே சோதனையைக் காணொளியில் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம். எல்லாம் முதல் தடவையே சரியாக வரும், பின்னணியில் இசையும் இருக்கும். மாணவர்கள் பார்ப்பார்கள், பிடிக்கவும் செய்யும். ஆனால் யாரும் எதையும் தேடமாட்டார்கள், எதுவும் தப்பாகப் போகாது, வீட்டுக்குப் போய் யாரும் சாம்பலைக் கரைத்துப் பார்க்கமாட்டார்கள். ஆசிரியர் நிலைமையையும் யோசியுங்கள். முக்கால் மணி நேரப் பிரிவேளை, முடிக்க வேண்டிய பாடங்கள், வகுப்பில் நாற்பது பேர். கையில் தயாராக ஒரு காணொளி இருக்கும்போது, செய்துபார்ப்பதைத் தள்ளிப்போடத்தான் தோன்றும். ஒரு நல்ல சோதனையின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் காணொளி, எவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டிருந்தாலும், வகுப்புக்கு இழப்புதான்.

இனி, திரை இல்லாமல் முடியாத இடங்களைச் சொல்கிறேன்.

குளத்துத் தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்களைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் ஒரு நுண்ணோக்கி. நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. அதிலும் பாதிப் பேர் தங்கள் கண்ணிமை மயிரைப் பார்த்துவிட்டு "பார்த்துட்டேன் டீச்சர்" என்று நகர்ந்துவிடுவார்கள். பாரமீசியம் இதுதான் என்று ஆசிரியர் விரல் வைத்துக் காட்டவும் முடியாது. அதே நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லைமேல் ஒரு போனைப் பொருத்தி, போனைத் திரையோடு இணைத்துவிட்டால் நாற்பது பேரும் ஒரே உயிரை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். அது ஓடுவதை, ஒரு துகளில் முட்டித் திரும்புவதை, எல்லோரும் சேர்ந்து பேசுகிறார்கள். அந்தத் தண்ணீர் அவர்கள் ஊர்க் குளத்தில் அவர்களே எடுத்துவந்தது. வேறெங்கோ எடுத்த பாரமீசியம் காணொளியைவிட இது பல மடங்கு மேல். இதற்கு வேண்டியது போனை அசையாமல் பிடித்துவைக்கும் ஒரு தாங்கியும், திரையோடு இணைக்க ஒரு கேபிளும். அவற்றை ஒவ்வொரு பள்ளிக்கும் கொடுங்கள்.

மின்சுற்றுப் பாடம் இன்னும் சுவாரசியமானது. பேட்டரியும் இரண்டு பல்புகளும் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பல்பு எரிவதை எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு தப்பான எண்ணம் மனதை விட்டுப் போவதில்லை. பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், முதல் பல்பு மின்சாரத்தைக் கொஞ்சம் சாப்பிட்டுவிடும், மிச்சம்தான் இரண்டாவதுக்கு வரும் என்று நினைப்பார்கள். இந்த எண்ணம் உலகம் முழுக்க மாணவர்களிடம் இருக்கிறது. கம்பிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாததுதான் காரணம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய பெட் (PhET) என்ற திட்டத்தின் பாவனையாக்கிகள், அதாவது திரையிலேயே சோதனையை மாற்றி மாற்றிச் செய்துபார்க்கும் மென்பொருள்கள், இந்த இடத்தில் கைகொடுக்கும். இலவசம். பலவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம். தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். திரையில் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம்.

இதை நடத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நேராகப் போட்டுக் காட்டினால் மறந்துபோகும். முதலில் ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும்: இரண்டாவது பல்பு மங்கலாக எரியுமா, அதே அளவா, ஏன்? பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். அதற்குப் பிறகு பேட்டரியில் செய்துபார்க்க வேண்டும். கடைசியாகத் திரைக்கு வர வேண்டும். இரண்டு இடத்திலும் அம்மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும்போது வகுப்பில் ஒரு கூச்சல் எழும். ஏற்கெனவே பந்தயம் கட்டிவிட்டதால் வரும் கூச்சல் அது. காணொளி யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்காது. பாவனையாக்கியில் "இன்னொரு பேட்டரி சேர்த்தால்?" என்று ஒரு மாணவி கேட்டால் உடனே சேர்த்துப் பார்க்கலாம். ஆகவே காணொளிக்கும் பாவனையாக்கிக்கும் இடையில் தேர்வு வரும்போது பின்னதற்குச் செலவு செய்யுங்கள்.

பிறை வளர்வதும் தேய்வதும் இப்படித்தான். ஒரு மாதம் வானத்தைப் பார்த்து வரையச் சொல்லிவிட்டு, மழை மேகம் மறைத்த நாட்களை, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் இலவசம்தான். கணக்கு ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ரா இருக்கிறது. நேர்கோட்டின் சாய்வைக் கரும்பலகையில் விளக்க ஒரு கோடு வரைந்து அழித்து இன்னொன்று வரைய வேண்டும். ஜியோஜீப்ராவில் கோட்டைப் பிடித்துத் திருப்பினால் சமன்பாடும் கூடவே மாறும்.

இவையெல்லாம் நீங்கள் அறியாதவை இல்லை. நம் பாடநூல்களிலேயே "இணையச் செயல்பாடு" என்ற பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பெட், ஜியோஜீப்ரா செயல்பாடுகளுக்கு உரலிகள் (இணைய முகவரிகள்) கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கங்களை வடிவமைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன், பாடநூலின் சிறந்த பகுதிகளில் அவையும் சேர்த்தி. ஆனால் அவை பாடத்தின் ஓரத்தில் நிற்கின்றன. தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததால் ஆசிரியர்களும் அவசரத்தில் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அச்சிட்ட உரலி சில ஆண்டுகளில் செத்துப்போகவும் வாய்ப்புண்டு. இந்தச் செயல்பாடுகளை எல்லாம் தமிழ் விளக்கத்தோடு ஒரே தொகுப்பாக்கி, இணையம் இல்லாமலே ஓடும்படி ஒவ்வொரு ஹைடெக் லேப் கணினியிலும் திறன்மிகுப் பலகையிலும் ஏற்றிக் கொடுங்கள். புதிதாக எதையும் வாங்காமலே இதைச் செய்யலாம்.

ஹைடெக் லேப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் அந்த அறை இணையவழி வினாடி வினாவுக்கும் மதிப்பீட்டுத் தேர்வுக்கும் மட்டுமே திறக்கிறது. கணினி என்றால் தேர்வு எழுதும் இடம் என்று மாணவர்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். வாரம் ஒரு பிரிவேளையாவது ஒவ்வொரு வகுப்பும் அங்கே போய்ப் பாவனையாக்கியில் தானாக விளையாடிப் பார்க்கவும், தமிழில் தட்டச்சு செய்யவும், தன் சோதனை முடிவுகளை அட்டவணையாக்கி வரைபடம் போடவும் கால அட்டவணையில் இடம் வேண்டும். இது தலைமை ஆசிரியர் விருப்பத்தைப் பொறுத்தது என்று விட்டால் நடக்காது.

அடுத்தது அளவிடுதல். செயலியை எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கருவியே சுலபமாகச் சொல்லிவிடும். அதனால் அதைக் கேட்பது வழக்கமாகிவிடுகிறது. கேட்கப்படும் எண்ணை ஆசிரியர் எப்படியும் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தப் பாடத்தில் மாணவருக்கு என்ன விளங்கியது என்பது அதில் இருக்காது. பெரு நாட்டில் குழந்தைகளுக்கு மடிக்கணினி கொடுத்த பெரிய திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் முடிவுகள் வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. கணினிகள் இருந்தன, பயன்படுத்தவும்பட்டன. பாடம் நடத்தும் முறை மட்டும் மாறவில்லை.

டெல்லியில் 2015-இல் நடந்த இன்னோர் ஆய்வில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் ஒவ்வொரு மாணவரும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்து, அந்த நிலையிலிருந்து கணக்கு கொடுத்தது. பள்ளி முடிந்த பின் நடந்த வகுப்பு, கூடவே சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஒருவர். நாலரை மாதத்தில், இந்த வகுப்பில் சேர வாய்ப்புக் கிடைத்தவர்களின் கணக்கு முன்னேற்றம் கிடைக்காதவர்களுடையதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. நமக்கு இந்த யோசனை புதிதில்லை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைப்படுத்தியிருக்கிறோம். அந்தத் தகவல் மேலே போவதைவிட, அரும்பில் இருக்கும் குழந்தைக்கு நாளை காலையில் எந்தப் பயிற்சி என்று ஆசிரியரின் கைக்கணினிக்குத் திரும்பி வருவது முக்கியம். தொழில்நுட்பத்தால் மட்டுமே இவ்வளவு பேருக்கு இதை இவ்வளவு வேகமாகச் செய்ய முடியும். முதலில் இதைச் செய்யுங்கள் என்பேன்.

பக்கத்து மாநிலத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கேரளத்தில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோதிருந்தே பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுநர்களாக்கி வளர்த்தார்கள். கட்டற்ற மென்பொருளை மலையாளத்தில் தந்தார்கள். இப்போது கைட் என்ற நிறுவனமாக அது இயங்குகிறது. 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்களே கருவிகளைப் பராமரிக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு புரொஜெக்டர் கேபிள் பழுதானால் மாதக்கணக்கில் ஆள் வரக் காத்திருப்பதற்கும், பத்தாம் வகுப்பு மாணவி அதை மாற்றிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் பழுதுபார்ப்புக்குப் பள்ளி அளவில் ஒரு சின்னத் தொகையும், கற்றுக்கொடுக்க ஒருவரும் இருந்தால் நம் பிள்ளைகளும் செய்வார்கள்.

பயிற்சி பற்றி ஒன்றே ஒன்று. செயலியை எப்படித் திறப்பது, எப்படிப் பதிவேற்றுவது என்று இதுவரை கொடுத்த பயிற்சி போதும், இனி வேண்டாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதை நன்றாக நடத்தும் ஓர் ஆசிரியரை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். எங்கே திரையை இயக்கினார், எங்கே அணைத்தார், ஏன் என்று மற்றவர்கள் கேட்கட்டும். தமிழாசிரியை ஒருவர், தட்டுத்தடுமாறி வாசிக்கும் பையனைக் கைக்கணினியில் ஒலிப்பதிவு செய்யவைத்து, அவன் குரலை அவனே கேட்டுத் திருத்தும்படி விட்டுவிடுவார். வகுப்புக்கு முன் நின்று வாசிக்கும் வெட்கம் அதில் இல்லை. இந்த மாதிரி யோசனைகள் ஒரு பள்ளிச் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அடுத்து பாடநூல்களைத் திருத்தும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் அந்த வகுப்பில் நடத்துகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? அந்த இடத்தில் கையால் செய்ய முடியாதது எது? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலுக்கு மட்டும் திரைப்பொருள் தயாரியுங்கள். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கு நானும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் அப்படி ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறோம். கேட்டால் அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை